மிஷ்த் மலைக்குத் தெற்கே

மொன்றியலில் ஜெனாட்டுக்குத் தெரியாத தெரு இல்லை என்று அவளோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களையும் தனியாக வெளியே போக முடியாத முதியவர்களையும் ஆஸ்பத்திரிக்கும் தேவாலயத்துப் பூசைக்கும் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் ஏற்றி இறக்கும் சிறிய பஸ் ஒன்றை அவள் பல வருடங்கள் ஓட்டினாள். எந்த மாதம் எந்தப் பாலத்தைத் திருத்துவார்கள், எந்தத் தெருவுக்குப் பனி வழிக்கும் வண்டி கடைசியாக வரும் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. வழி பார்ப்பதற்காக அவள் போனைத் திறந்ததே இல்லை.

அவள் கணவன் றஜிந்தன் நேரெதிர். பார்க் எக்ஸ்டென்ஷனில் இத்தனை காலம் குடியிருந்தும் மெட்ரோவிலிருந்து வெளியே வந்தால் எந்தக் கைப் பக்கம் திரும்புவது என்று ஒரு கணம் நின்று யோசிப்பான். ஒருமுறை நகரத்துக்குத் தெற்கே புரோசார்ட்டில் நடந்த ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டு, வடக்கே லவாலில் போய் நின்று, அங்கிருந்து ஜெனாட்டுக்குப் போன் எடுத்தவன்.

அவளுடைய விழித்திரையில் நோய் வந்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. முதலில் பக்கவாட்டில் வருகிற சைக்கிள்கள் தெரியாமல் போயின. அன்றைக்கே அவள் பஸ் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை, அவளாகவே வைத்தாள். சில வருடங்களில், ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிற அளவுக்கு உலகம் குறைந்துபோனது.

வெள்ளைக் கோல் பிடித்து நடக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் ஒழுங்காகப் போய்ப் பழகினாள். பழகி முடித்ததும் கோலைக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் றஜிந்தனின் கையைப் பிடித்துக்கொண்டு பூசைக்குப் போவாள். ஒருநாள் அவன் வேறு யோசனையில் ஒரு தெரு முந்தித் திரும்பிவிட்டான். அது பிழையான தெரு என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கும். ஆனால் ஒன்றும் சொல்லாமல் கூடவே நடந்தாள். றஜிந்தனுக்கு அதுதான் பயமாக இருந்தது. கண் தெரியாமல் போனதைவிட, திருத்தாமல் விட்டது.

அந்தக் காலத்தில்தான் அவளுடைய தங்கை றெஜினா, ஓமான் நாட்டில் நிஸ்வா என்ற ஊரில் நர்ஸ் வேலை கிடைத்து மன்னாரிலிருந்து போய்ச் சேர்ந்தாள். அக்காவுக்கு எழுதி அனுப்பிப் பயனில்லை என்பதால் குரலைப் பதிந்து அனுப்புவாள். ஒரு சனிக்கிழமை காலை றஜிந்தன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது போனில் அவளுடைய குரல் ஓடியது.

“அக்கா, இஞ்சை மலையெண்டா மலை! ஒரு பச்சை இல்லை. முழுக்கக் கல்லு. பெரிசு. அதுக்குப் பின்னாலை இன்னொண்டு நிக்குது, அது இன்னும் பெரிசு.”

“பின்னாலை எண்டா எங்காலை?” என்றாள் ஜெனாட், போனைப் பார்த்துச் சொல்வதுபோல. “வடக்கோ, மேற்கோ? இவளுக்கு ஒரு இடத்தை ஒழுங்காச் சொல்லத் தெரியாது.”

றஜிந்தன் அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவள் ஒரு திசையைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

அவன் தேடிப் பார்த்தான். ஹஜர் மலைத்தொடர். அரேபியத் தீபகற்பத்தின் கிழக்கு மூலையில், கடலுக்கு அணைவாக வில்லைப்போல வளைந்து கிடந்தது. படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். இதை எப்படி வாயால் சொல்வது? றெஜினா சொன்னது சரிதான். பெரிசு, அதைவிடப் பெரிசு. அதற்குமேல் அவனுக்கும் வார்த்தை இல்லை.

அவன் வேலை செய்தது சென்ட் லோரன்டில், விமானப் பாகங்களுக்கு அச்சு செய்யும் ஒரு தொழிற்சாலையில். கெட்டியான பழுப்புப் பலகைக் கட்டிகளை இயந்திரத்தில் ஏற்றி, கணினி சொல்கிறபடி செதுக்கி எடுப்பது அவன் வேலை. கணினிக்குப் பாதை எழுதிக் கொடுக்கிற பிரிவில் சுஹாஸ் என்று ஒரு சென்னைப் பையன் இருந்தான். றஜிந்தன் அவனிடம் போய், ஒரு மலையைச் செதுக்க முடியுமா என்று கேட்டான்.

“ஏன் முடியாது, அண்ணா? சாட்டிலைட் எடுத்த உயர அளவெல்லாம் ஃப்ரீயாவே கிடைக்குது. நம்ம மெஷினுக்குப் புரியற மாதிரி நான் மாத்தித் தரேன். எந்த மலை?”

முழுத் தொடரும் அடங்காது என்று தெரிந்ததும் நடுப்பகுதியை எடுத்தார்கள். கிழக்கே சமாயில் கணவாய். மேற்கே கவுர் மலை. இடையில் உச்சிச் சிகரமான ஜெபல் ஷம்ஸ்; ஜெபல் என்றால் அரபியில் மலை. மேற்பார்வையாளர், ஏதோ பிள்ளையின் பள்ளிக்கூட வேலை என்று நினைத்து, மிஞ்சிக் கிடந்த ஒரு கட்டியைக் கொடுத்துவிட்டார்.

இயந்திரம் முதலில் படிக்கட்டுகளாகத்தான் வெட்டியது. கடைசிச் சுற்றில் மெல்லிய அலகு இறங்கியபோதுதான் மலை வெளியே வந்தது. பக்கத்து இயந்திரக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்கள். அதுவரை றஜிந்தன் வெட்டியதெல்லாம் காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டிய வடிவங்கள். இதில் வழுக்குகிற இடமே இல்லை. மடிப்புக்குள் மடிப்பு, பிளவுக்குள் பிளவு. இத்தனை முரட்டுத்தனமான ஒன்று இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி பிரெஞ்சில் என்னவென்று கேட்டாள். “மலை, மடாம்,” என்று அவனும் பிரெஞ்சில் சொன்னான். அவள் போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவன் இறங்கும்வரை அதில் ஒரு கை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சமையலறை மேசையில் முக்கால்வாசியை அது எடுத்துக்கொண்டது.

“என்ன இது? நாங்கள் எங்கை சாப்பிடுறது?” என்றாள் ஜெனாட்.

“றெஜினா சொன்ன மலை. கையை வைச்சுப் பாரும். உமக்குப் பக்கத்திலை இருக்கிறது தெற்கு.”

அவள் ஒரு விரலை மட்டும் வைத்தாள். பிறகு உள்ளங்கை முழுவதையும். தெற்கிலிருந்து நிலம் மெல்ல மெல்ல ஏறியது, சாய்த்து வைத்த பலகை போல. கை ஏறிக்கொண்டே போனது. ஏறி முடிந்த இடத்தில், வடக்குப் பக்கம், நிலமே இல்லை. விரல்கள் வெறும் காற்றில் நின்றன.

“அம்மாடி!” என்று கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள். “இதுக்கு என்ன பேர்?”

“ஜெபல் ஷம்ஸ். அதுதான் உச்சி.”

உச்சிக்குக் கீழே அவளுடைய சுட்டுவிரல் ஒரு வெடிப்பைக் கண்டது. விரல் உள்ளே இறங்கியது. இன்னும் இறங்கியது. இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர். வாதி நக்ர் என்கிற பள்ளத்தாக்கு அது. அதன் விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பவர்களுக்குக் கால் கூசுமாம். அவள் விரலை அதற்குள் வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு கிழக்கே போனாள். அங்கே மலையின் தலையில் தட்டம்போல ஒரு சமவெளி, ஜெபல் அக்தர். அதையும் தாண்டி, தொடர் சட்டென்று அறுந்து, இரண்டு விரல் போகிற அளவுக்கு ஒரு வழி.

“இதுக்குள்ளாலை றோட்டுப் போகும்,” என்றாள். “கடலிலையிருந்து உள்ளுக்கு வாறவனுக்கு வேறை வழியில்லை.”

அதுதான் சமாயில் கணவாய். உண்மையிலேயே அதற்குள்தான் பெருந்தெரு போகிறது. அவளுக்கு அதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அன்று அவர்கள் சோபாவில் இருந்து, சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

அடுத்த நாளே அவள் கேட்கத் தொடங்கினாள். மலை மட்டும் போதாது, றோட்டு வேண்டும். றஜிந்தன் தார் றோட்டுக்குத் தடித்த நூலும் மண் பாதைக்கு மெல்லிய நூலும் ஒட்டினான். ஊர்களுக்கு மைசூர்ப் பருப்பு. பார்க்கவேண்டிய பழைய இடங்களுக்குக் கடுகு. பேரீச்சந்தோட்டங்களுக்கு வெல்வெட் துணியில் வெட்டிய துண்டு. எல்லாக் கல்லும் ஒரே கல்லா என்று கேட்டாள். இல்லை, உயர்ந்த மலைகள் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல், அடியில் கிடக்கிற குன்றுகள் வேறு என்று அவன் படித்துச் சொன்னான். சுண்ணாம்புக் கல்லுக்கு நகப்பூச்சு பூசி வழவழப்பாக்கினான். குன்றுகளுக்குச் சொரசொரப்பான மண்தாளை நறுக்கி ஒட்டினான். ஜெபல் ஷம்ஸின் உச்சிக் கல்லுக்குள் கடற்சிப்பிகளின் அச்சு இருக்கிறது என்று அவன் வாசித்த அன்று அவள் சாப்பாட்டை மறந்துவிட்டாள்.

“அப்ப அந்த உச்சி ஒருகாலம் கடலின்ரை அடியோ?”

“ஓமாம். சமாயில் பக்கத்துக் கறுத்த குன்றுகள் கடலடிக்கும் கீழை கிடந்த கல்லாம். பூமி தூக்கி வெளியிலை போட்டிருக்கு.”

“எவ்வளவு பெலன்,” என்று அவள் மலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

றெஜினாவுக்கு ஓய்வு நாள் என்பதே இல்லாமல் போனது. ஒரு வாரம் ஜெபல் ஷம்ஸ் விளிம்புக்குப் போய், கீழே இருக்கும் ஊர் எந்தப் பக்கச் சுவரை ஒட்டி இருக்கிறது என்று பார்த்துவர வேண்டும். இன்னொரு வாரம் மிஸ்பா ஊரில் கல் வாய்க்காலில் வருகிற தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டுவர வேண்டும். வசந்தத்தில் ஜெபல் அக்தரின் படிக்கட்டுத் தோட்டங்களில் ரோசாப்பூப் பறிக்கும்போது போய் நின்று, வாசம் மேலே வருகிறதா கீழே போகிறதா என்றுகூட ஜெனாட் கேட்டாள்.

“நான் என்ன, உனக்கு நிலம் அளக்கிற சேவையரோ?” என்று றெஜினா சினந்தாள். ஆனாலும் போனாள். கூட வேலை செய்த திருச்சிக்காரி ஹம்சினியிடம் கார் இருந்தது. ஹம்சினிக்கும் இந்த அலைச்சல் பிடித்துவிட்டது.

தொடரின் மேற்கு மூலையில் ஒரு மலை தனியாக நின்றது. அதன் உச்சி நெடுகப் பல் பல்லாக இருந்தது. தெற்குப் பார்த்து ஒரே சுவராக இறங்கியது. ஜெனாட்டுக்கு அதைத் தொட்டாலே சிரிப்பு வரும். “சீப்பு மாதிரிக் கிடக்கு,” என்பாள். வார்டில் இருந்த ஒரு நோயாளியிடம் றெஜினா கேட்டு வந்து சொன்னாள்: அதன் பெயர் ஜெபல் மிஷ்த், மிஷ்த் என்றால் அரபியில் சீப்புத்தான். அதற்குத் தென்மேற்கே, அல் அயின் என்ற ஊரருகில், ஒரு சின்ன மேட்டில் தேன்கூடு வடிவத்தில் கல்லால் அடுக்கிய கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. ஐயாயிரம் வருடத்துப் பழசு என்கிறார்கள். அந்த மேடு செதுக்கிய மாதிரியில் ஒரு அரிசி அளவுதான் இருந்தது. றஜிந்தன் அதன்மேல் மூன்று கடுகு ஒட்டினான்.

“வாற சனிக்கிழமை அங்கை போங்கோ,” என்று ஜெனாட் தங்கைக்குச் சொன்னாள்.

அது ஏப்ரல் மாதம். பார்க் எக்ஸ்டென்ஷனில் கடைசிப் பனி கருகிக் கரைந்து, வெளிப்படிக்கட்டுகளிலிருந்து காலை முழுவதும் சொட்டிக்கொண்டிருந்தது. றஜிந்தன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஓமானில் அப்போது பின்னேரம்.

“அக்கா, நாங்கள் மாட்டுப்பட்டுப் போனம்.”

றெஜினாவின் குரலுக்குப் பின்னால் கார்க் கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது. அவள் அழாமல் சொல்லப் பார்த்தாள். கல்லறைகளைப் பார்த்துவிட்டு, மிஷ்த் மலையின் சுவரைக் கிட்டப் போய்ப் பார்க்கலாமென்று ஒரு மண் பாதையில் போனார்கள். திடீரென்று முகில் இறங்கியது. திரும்பிப் பெருந்தெருவுக்கு வரும்போது, காலையில் காய்ந்து கிடந்த ஆற்றுப் படுகையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பயந்து வேறு ஒரு பாதையில் திரும்பினார்கள். கொஞ்சத் தூரத்தில் அங்கேயும் முன்னால் தண்ணீர். பொலிசுக்குப் போன் பண்ணியாயிற்று. தண்ணீரில் இறங்க வேண்டாம், மேட்டுக்குப் போய் நில்லுங்கள், றோட்டு அறுந்திருக்கிறது, வரச் சுணங்கும் என்று சொன்னார்களாம்.

“போனிலை மேப் பாக்கேலாதோ?” என்றான் றஜிந்தன்.

“படம் வருகுதில்லை, அத்தான். வெள்ளைத் தாளிலை நீலப் புள்ளி மட்டும் நிக்குது. மேடு எங்கையெண்டே தெரியேல்லை. எல்லாப் பக்கமும் மழைதான்.”

ஜெனாட் எழுந்து மேசைக்கு வந்தாள். “போனை நீங்கள் பிடியுங்கோ,” என்று கணவனிடம் சொன்னாள். “எனக்கு ரெண்டு கையும் வேணும்.”

அவள் விரல் மூன்று கடுகையும் கண்டுபிடித்து நின்றது.

“றெஜி, நான் கேக்கிறதுக்கு மட்டும் சொல்லு. கல்லறையிலையிருந்து வெளிக்கிடேக்க மிஷ்த் எங்காலை நிண்டது?”

“நேர முன்னுக்கு.”

“அப்ப வடகிழக்கை போயிருக்கிறியள். எவ்வளவு நேரம்?”

“பாட்டுப் போட்டிருந்தம். மூண்டு, நாலு பாட்டு முடிஞ்சிருக்கும்.”

“வேகம்?”

ஹம்சினியின் குரல் வந்தது. “இருபதுக்கு மேல போகவே இல்லக்கா. அப்படி ஒரு ரோடு.”

ஜெனாட்டின் விரல் மெல்லிய நூலைப் பிடித்து வடகிழக்கே ஊர்ந்தது. “பேந்து திரும்பி வந்து, தண்ணியைக் கண்டிட்டு, எந்தக் கைப்பக்கம் திரும்பினியள்?”

“இடது... இல்லை, பொறு. வலது, சோத்துக்கைப் பக்கம். ஓம், சோத்துக்கை.”

“இப்ப உங்களுக்கு முன்னாலை ஓடுற தண்ணி எங்கையிருந்து எங்கை போகுது?”

“சோத்துக்கைப் பக்கத்திலையிருந்து மற்றப் பக்கம் போகுது.”

“பக்கத்திலை கிடக்கிற கல்லு என்ன நிறம்?”

ஜன்னல் இறங்குகிற சத்தம். மழை பலமாகக் கேட்டது. “சிவப்பு, அக்கா. பிஸ்கட் அடுக்கின மாதிரித் தட்டுத் தட்டா.”

அவளுடைய விரல் வழவழப்பான கல்லை விட்டு மண்தாள் ஒட்டிய இடத்துக்கு வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு வாய்க்கால். நடுவில் நாக்குப் போல ஒரு நிலம். நாக்கின் நுனியில், தண்ணீர் போகிற பக்கமாக, அந்த அரிசி அளவு மேடு.

“நீங்கள் கல்லறை மேட்டுக்குப் பின்பக்கத்திலை நிக்கிறியள்,” என்றாள். “இடக்கைப் பக்கம் திருப்பிப் போங்கோ. தண்ணி போற திசையிலை.”

ஹம்சினி குறுக்கே பேசினாள். “அக்கா, தண்ணி போற பக்கம் பள்ளமா இல்ல இருக்கும்? மலைப் பக்கம் போனாத்தானே மேடு? நான் அந்தப் பக்கமா திருப்பலாம்னு...”

“வேண்டாம், பிள்ளை. மலைப் பக்கம் போனால் ரெண்டு வாய்க்காலும் பிரியிற இடத்துக்குத்தான் போவியள். வெள்ளம் வாறதே அங்கையிருந்துதான்.”

சொல்லிவிட்டு அவள் போனிலிருந்து முகத்தைத் திருப்பி, குரலைத் தாழ்த்தி றஜிந்தனிடம் கேட்டாள்:

“இஞ்சேருங்கோ. இந்த மேடு மெஷின் வெட்டினதோ, நீங்கள் கடுகு ஒட்டேக்க விழுந்த பசையோ?”

றஜிந்தன் போனைப் பிடித்தபடியே குனிந்து, முகத்தை மாதிரியோடு ஒட்டிப் பார்த்தான். கடுகுகளைச் சுற்றிப் பசை மெல்லியதாகக் காய்ந்திருந்தது. அதற்குக் கீழே, பழுப்புப் பலகையில், அலகு போன தடம் மேட்டின் ஒரு பக்கத்தில் ஏறி மறுபக்கத்தில் இறங்கியிருந்தது. தன் இயந்திரத்தின் தடத்தை அவனால் எங்கே கண்டாலும் சொல்ல முடியும்.

“வெட்டினதுதான்,” என்றான். “அந்த மேடு அங்கை இருக்கு.”

“ஹம்சினி,” என்றாள் ஜெனாட், “இடக்கைப் பக்கம்.”

கார் திரும்புகிற சத்தம் கேட்டது. கல்லில் சக்கரம் வழுக்கியது. றெஜினா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்: பாதை தெரியவில்லை, பிறகு தெரிகிறது, ஒரு முள்மரம், பெரிய கல். ஜெனாட்டின் நகம் நூலை விடாமல் கூடவே நகர்ந்தது. பிறகு றெஜினா, “ஏறுது அக்கா, கார் ஏறுது!” என்றாள். கொஞ்ச நேரத்தில் சக்கரம் ஒரே இடத்தில் சுற்றத் தொடங்கியது.

“காரை விடுங்கோ. நடந்து ஏறுங்கோ. எங்கை உயரமோ அங்கை போய்க்கொண்டே இருங்கோ.”

கதவுகள் அறைந்தன. மூச்சு. மழை. பிறகு இணைப்பு அறுந்தது.

றஜிந்தன் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தான். மணி போகவில்லை. ஜெனாட் மேட்டின்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. எடுத்தால் அவர்கள் விழுந்துவிடுவார்கள் என்பதுபோல் நின்றாள்.

“நான்தான் அனுப்பினன்,” என்றாள். “இல்லாட்டி அவள் தன்ரைபாட்டிலை அறையிலை நித்திரை கொண்டிருப்பாள்.”

றஜிந்தன் அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றான். வெளியே படிக்கட்டில் பனி சொட்டியது. மேல்வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சில் எதற்கோ சண்டை பிடித்தார்கள்.

போன் அடித்தது.

“அக்கா!” றெஜினாவுக்கு மூச்சு வாங்கியது. “கல்லு, அக்கா. வட்டமா அடுக்கின கல்லு! கல்லறை! நாங்கள் காலமை நிண்ட அதே இடம். ஒரு கல்லறைச் சுவரோடை ஒண்டிக்கொண்டு இருக்கிறம்.”

ஜெனாட் கதிரையைத் தடவிப் பிடித்து அதில் இருந்தாள். அப்போதுதான் போனுக்குள் ஒரு சத்தம் எழுந்தது. முதலில் லொறி வருவதுபோல இருந்தது. பிறகு பல லொறிகள். ஹம்சினி ஏதோ கத்தினாள். சத்தம் வெகுநேரம் அடங்கவில்லை.

“வந்திட்டுது,” என்றாள் றெஜினா, சத்தம் கொஞ்சம் தணிந்தபோது. “நாங்கள் கார் நிப்பாட்டியிருந்த இடத்தைக் காணேல்லை, அக்கா. முழுக்கத் தண்ணி. மண் நிறத் தண்ணி. மரம் எல்லாம் போகுது. கார் பாதி மேட்டிலை நிக்குது. அதைத் தொடேல்லை.”

“நீங்கள் ரெண்டு பேரும்?”

“நனைஞ்சுபோய் இருக்கிறம். வேறை ஒண்டுமில்லை.”

ஜெனாட் அழுதாள். றஜிந்தன் பக்கத்தில் முழங்காலில் இருந்து அவளுடைய கைகளைப் பிடித்தான்.

“அழாதை, அக்கா,” என்றது போன். “அந்தக் காலத்துச் சனம் தங்கடை செத்தவையை வெள்ளம் வராத இடமாப் பாத்துத்தான் வைச்சிருக்குது. எங்களுக்கும் இடம் குடுத்திருக்குது.”

மழை நின்றது. றெஜினா போனை வைக்கவில்லை. பற்றரி குறையும், வை என்று ஜெனாட் சொல்லியும் வைக்கவில்லை. ஹம்சினியின் போனில் பற்றரி இருக்கிறது என்றாள்.

“அக்கா,” என்றாள் பிறகு, “முகில் மேலை போகுது. வடகிழக்கிலை மிஷ்த் தெரியுது. அடியிலையிருந்து முதல் தெரிஞ்சுது, இப்ப பல்லெல்லாம் தெரியுது. சுவர் நனைஞ்சு கறுப்பா இருக்கு. ஒவ்வொரு பல்லுக்கும் நடுவிலையிருந்து தண்ணி விழுது. வெள்ளை நூல் மாதிரி. நிலத்துக்கு வரமுந்தியே சிலது காத்திலை புகையாப் போகுது. தென்கிழக்கிலை கவுர். அது பெரிய பெட்டி மாதிரி, மேலை தட்டையா. அதிலையிருந்தும் விழுது, ஆனால் அது நூல் இல்லை, சீலை விரிச்ச மாதிரி அகலம். மேற்கிலை முகிலுக்குக் கீழை வெயில் வந்து, கவுரின்ரை இஞ்சாலைப் பக்கம் மட்டும் பொன்னாக் கிடக்கு. மிஷ்த் இன்னும் நிழலிலை.”

ஜெனாட் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். பெரிசு, அதைவிடப் பெரிசு என்று மட்டும் சொல்லத் தெரிந்த தங்கை இப்போது திசை தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மிஷ்திலை எது பெரிய அருவி?” என்று கேட்டாள்.

“நடுவிலை இருக்கிறது. நீ தொட்டுப் பார், ரெண்டு உயரமான பல்லுக்கு நடுவிலை ஒரு வெட்டு இருக்கோ?”

விரல் தேடியது. “இருக்கு.”

“அதுதான். அதாலை விழுது.”

ஹம்சினியும் பேசினாள், தூரத்திலிருந்து. “அக்கா, நான் கொள்ளிடம் பாத்து வளர்ந்தவ. தண்ணி எனக்குப் புதுசில்ல. ஆனா இப்படி மலையே அழுவுற மாதிரி... இல்ல, அழுவல. மலை குளிக்குது. அப்படித்தான் சொல்லணும்.”

தண்ணீர் வடிந்ததும் பொலிஸ் வண்டி வந்து இருவரையும் ஏற்றிப் போனது. அடுத்த வாரம் கிராமத்து ஆட்கள் காரைக் கயிறு கட்டி இறக்கிக் கொடுத்தார்கள். ஒரு விளக்கு மட்டும் உடைந்திருந்தது. றெஜினாவுக்கு ஒரு கிழமை காய்ச்சல். காய்ச்சல் விட்ட அன்று அவள் அனுப்பிய குரலில் அக்காவைக் குறை சொல்லும் பேச்சு எதுவும் இல்லை. ஹம்சினியும் தானும் அடுத்த மாதம் லீவு கேட்டிருக்கிறோம், சமாயில் கணவாயைத் தாண்டிப் போகலாம் என்று யோசிக்கிறோம் என்று மட்டும் இருந்தது. இந்தமுறை வானத்தைப் பார்த்துத்தான் புறப்படுவார்களாம்.

ஜெனாட் அதை இரண்டுதரம் கேட்டாள். பிறகு மேசையின் கிழக்கு ஓரத்துக்குப் போய், பலகை முடிகிற இடத்தில் கையை வைத்தாள். செதுக்கிய மலைச்சரிவு அங்கே கத்தியால் வெட்டியதுபோல நின்றது.

“மலை இதோடை முடியேல்லை,” என்றாள். “கணவாய்க்கு அங்காலை கிழக்கு ஹஜர் இருக்கு. கடல் வரைக்கும் போகுதாம்.”

திங்கட்கிழமை இடைவேளையில் றஜிந்தன் மறுபடி சுஹாஸிடம் போனான். நடந்ததை அவன் சொல்லி முடிக்கும்வரை சுஹாஸ் கையில் இருந்த சான்ட்விச்சைக் கடிக்கவில்லை. பிறகு கணினியைத் திறந்தான்.

“கடல் வரைக்கும்னா பெரிய கட்டி வேணும், அண்ணா,” என்றான். “இது வேற மேசையே கேக்கும்.”

“மேசை நான் செய்யிறன்,” என்றான் றஜிந்தன்.